தலைக்கு எட்டணா: ஒரு நாய்க் கலவரமும் நம்ம ஊர் தீபாவளியும்

1832 ஜூன் 6. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இரண்டு வெள்ளைக்கார கான்ஸ்டபிள்கள் தெருநாய்களைக் கொன்றுகொண்டு போகிறார்கள். சும்மா இல்லை, தலைக்கு எட்டணா சன்மானம். அன்றைக்குப் பார்சிகளுக்குப் புனித நாள். வீதியில் கூட்டம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கூட்டம் கான்ஸ்டபிள்கள் மேல் பாய்ந்துவிட்டது.

நவீன பம்பாயின் வரலாற்றில் பதிவான முதல் கலவரம் என்று இதைச் சொல்கிறார்கள். மதத்துக்கும் மதத்துக்கும் நடந்ததில்லை, சாதிக்கும் சாதிக்கும் நடந்ததில்லை. நாய்க்காக நடந்தது. கிண்டலாகத் தோன்றலாம். ஆனால் விலங்குக் காப்பகம் என்று இன்று நாம் சொல்கிற அமைப்பின் இந்தியக் கதையில் முக்கியமான ஒரு திருப்பம் இங்கேதான் இருக்கிறது. தீபாவளி நெருங்கும்போதெல்லாம் இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நினைப்பேன். இந்த வருடம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எட்டணாவின் கணக்கு

தெருநாய்களைக் கொல்லும் விதி பம்பாயில் 1813 முதலே இருந்தது. வருடம் முழுக்க இல்லை, வெயில் மிகுந்த குறிப்பிட்ட வாரங்களில் மட்டும். வெறிநாய்க்கடி பயம்தான் காரணம். பாஸ்டர் தடுப்பூசி கண்டுபிடிக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. கடித்தால் மருந்து கிடையாது. அந்தப் பயத்தை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

1832-ல் போலீஸ் மாஜிஸ்டிரேட் அந்தக் காலக்கெடுவை ஜூன் 15 வரை நீட்டினார். அங்கேதான் வம்பு தொடங்கியது. ஒரு நாய்க்கு எட்டணா என்றால் அன்றைக்கு அது நல்ல காசு. தெருவில் நாய் குறையக் குறைய, நாய் பிடிப்பவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள், பிறகு காம்பவுண்டுக்குள்ளேயே நுழைந்தார்கள். எந்த நாய் தெருநாய், எந்த நாய் வீட்டு நாய் என்பதை முடிவு செய்கிறவன் யார்? எட்டணா வாங்கப்போகிறவன். இந்த மாதிரி ஏற்பாடு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பார்சிகளுக்கு நாய் வெறும் காவல் பிராணி இல்லை. அவர்களுடைய ஈமச் சடங்கில் இறந்தவரின் உடலை ஒரு நாய் பார்க்க வேண்டும். 'சக்தீத்' என்று அதற்குப் பெயர், நாயின் பார்வை என்று பொருள். நாயை அடிப்பதும் பட்டினி போடுவதும் அவர்கள் மறையில் பாவம். அந்தப் பிராணியைப் புனித நாளில், வீட்டு வாசலில், காசுக்காக அடித்துக் கொல்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களா?

மறுநாள் கடையடைப்பு. கோட்டைப் பகுதியிலும் கடைவீதியிலும் கடைகள் மூடிக் கிடந்தன. பார்சிகளோடு இந்துக்களும் சேர்ந்துகொண்டார்கள். கொலாபாவில் இருந்த பட்டாளத்துக்குப் போக வேண்டிய உணவுப் பொருள்கள் வழியிலேயே நின்றுபோயின. அரசாங்கத்துக்கு இதுதான் வலித்தது. நாய் செத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சிப்பாய்க்குச் சாப்பாடு போகவில்லை என்றதும் கலவரச் சட்டம் வாசிக்கப்பட்டது, துருப்புகள் வந்தன, கைதுகள் நடந்தன.

பிறகு ஊர்ப் பெரிய மனிதர்கள் நடுவில் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜம்சேட்ஜி ஜீஜீபாய். சீனத்தோடு வியாபாரம் செய்து பெரும் பணம் சேர்த்தவர். பம்பாயின் ஜே.ஜே. ஆஸ்பத்திரி இவர் பெயரில்தான் இருக்கிறது. அவர்கள் வைத்த கோரிக்கை எளிமையானது: நாய்களைக் கொல்லாதீர்கள், பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோங்கள்.

சரி, வெளியே என்றால் எங்கே? யார் சோறு போடுவது?

பஞ்சராபோல்

அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு வருடத்தில் வந்தது. 1834-ல் ஜீஜீபாயும் அமீசந்த் ஷா என்ற வணிகரும் சேர்ந்து பம்பாய் பஞ்சராபோலைத் தொடங்கினார்கள். நாய், பன்றி, கிழட்டு மாடு, கால் ஒடிந்த குதிரை என்று ஊருக்கு வேண்டாதவை போய்ச் சேர ஓர் இடம். புலேஷ்வர் பக்கம் இன்றைக்கும் அது இருக்கிறது, இப்போது பெரும்பாலும் மாடுகள்தான். அதே பெயரைச் சென்னையிலும் பார்க்கலாம். அயனாவரத்தில் 'பிஞ்சராபோல்' என்று பலகை மாட்டிய இடத்தைக் கடந்துபோன பலருக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. குஜராத்தி வணிகர்களோடு வந்த சொல் அது.

பஞ்சராபோல் பம்பாயில் பிறந்த யோசனையும் இல்லை. 1580களில் இந்தியா வந்த ரால்ஃப் ஃபிட்ச் என்ற ஆங்கிலேயர், காம்பே நகரத்தில் நொண்டி நாய்களுக்கும் பூனைகளுக்கும் பறவைகளுக்கும் ஆஸ்பத்திரி இருப்பதை ஆச்சரியத்தோடு குறித்திருக்கிறார். குஜராத்தின் சமண, வைணவ வணிகர்கள் நடத்திய இடங்கள் அவை.

இன்னும் பின்னால் போனால் அசோகர். அவருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதைச் சொல்கிறது. எந்தெந்த நாடுகளில் என்ற பட்டியலில் சோழரும் பாண்டியரும் சத்தியபுத்திரரும் கேரளபுத்திரரும் வருகிறார்கள். தமிழ் மன்னர்களைப் பற்றிப் பேச நாம் இந்தக் கல்வெட்டை எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறோம். அந்த வரி மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பற்றியதும்கூட என்பதை மட்டும் தாண்டிப் போய்விடுவோம்.

அசோகரின் ஐந்தாம் தூண் கல்வெட்டு இன்னும் சுவாரசியம். அதில் நாள் கணக்கு வருகிறது. பௌர்ணமி, திஷ்ய நட்சத்திர நாள், விரத நாள்கள், திருநாள்கள் என்று எண்ணி, அந்த நாள்களில் மீன் பிடித்துக் கொல்லக் கூடாது, காளைக்குக் காயடிக்கக் கூடாது, குதிரைக்கும் மாட்டுக்கும் சூடு போடக் கூடாது என்று வகைவகையாக விலக்குகள். திருநாள் என்றால் மனிதனுக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தால் போதாது, விலங்குக்கும் அன்றைக்காவது வலி இருக்கக் கூடாது என்ற எண்ணம் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் ஏறியிருக்கிறது. அது எவ்வளவு தூரம் நடந்தது என்பது வேறு விஷயம்.

பம்பாய்க்கே திரும்புவோம். பஞ்சராபோல் கதையில் என்னை நிறுத்திவைத்தது இரக்கம் இல்லை, கணக்குப் புத்தகம். அந்த வணிகர்கள் ஒரே ஒரு தடவை கைநிறையக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தங்கள் வியாபாரத்தின் மேல் தாங்களே ஒரு சின்ன வரி மாதிரி வைத்துக்கொண்டார்கள். சரக்கு கைமாறும்போதெல்லாம் கொஞ்சம் காசு பஞ்சராபோலுக்குப் போகும். கூடவே வாடகை வரும் சொத்துகளையும் எழுதிவைத்தார்கள். விலங்குக்குத் தினமும் பசிக்கும், ஆகவே தினமும் காசு வர வேண்டும் என்பது வியாபாரிக்குப் புரிந்த கணக்கு. கிட்டத்தட்ட இருநூறு வருடம் அது நிலைத்து நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

1860: லண்டனும் மெட்ராஸும்

இப்போது மெட்ராஸ். 1860-ல் லண்டன் ஹாலோவேயில் மேரி டீல்பி என்ற பெண்மணி, தொலைந்துபோன பட்டினி நாய்களுக்கு ஒரு தற்காலிக வீடு தொடங்கினார். பத்திரிகைகள் கேலி செய்தன. மனிதனுக்கே வீடில்லாத ஊரில் நாய்க்கு வீடா என்றார்கள். 1871-ல் அது பேட்டர்ஸீக்கு இடம் மாறியது. இன்று உலகத்தில் பெயர்பெற்ற பேட்டர்ஸீ காப்பகம் அதுதான்.

அதே 1860-ஐத்தான் மெட்ராஸில் நகராட்சி நாய் பிடித்துக் கொல்லத் தொடங்கிய வருடமாக ப்ளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். அவர் தரும் கணக்கு திகைக்க வைக்கும். ஆரம்பத்தில் நாளுக்கு ஒரு நாய்கூட இல்லை. 1990களின் நடுவில் நாளுக்கு 135 வரை. நூற்று முப்பத்தைந்து வருடம் கொன்றும் நாய் குறையவில்லை, கொல்கிற எண்ணிக்கைதான் கூடியது. நாய்த்தோல் அவ்வளவு சேர்ந்ததால் அதிலிருந்து டை, மணிபர்ஸ் செய்ய முடியுமா என்று அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிகள் செய்து பார்த்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

ஏன் குறையவில்லை? ஒரு தெருவில் குப்பையும் சோறும் எத்தனை நாய்க்குப் போதுமோ அத்தனை நாய் அங்கே இருக்கும். இருப்பதைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த தெரு நாய் வரும், குட்டி பிழைப்பதும் கூடும். பிடிப்பதற்கு முன்னால் அந்தத் தெருவுக்குப் பழகின நாய் இருந்தது, பிறகு பழகாத நாய் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்களிடம் 'நாய் வண்டி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். "நாய் வண்டி வருதுடா, மணியை உள்ள இழுத்துட்டு வா" என்று தெரு முனையிலிருந்து குரல் வரும், பையன்கள் ஓடுவார்கள். கம்பிச் சுருக்கு, கூண்டு வண்டி, அதற்குள்ளிருந்து வரும் ஓலம். பட்டை கட்டிய நாய் தப்பும், கட்டாத நாய் போகும். பம்பாயின் எட்டணா கேள்விதான் இங்கேயும்: எது வீட்டு நாய், எது தெருநாய்? பதில் கழுத்தில் இருந்தது.

இப்போது தீபாவளியை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். வெடிச் சத்தத்தில் அரண்டு ஓடிய வீட்டு நாய், வழி தெரியாமல் நாலு தெரு தள்ளிப் போய் நிற்கிறது. ஓட்டத்தில் பட்டை கழன்றுவிட்டது. அன்றைய மெட்ராஸில் அதற்கு மிச்சம் இருந்தது சில நாள்கள்தான்.

மழையில் இரண்டு குட்டிகள்

1959-ல் பெருமழையில் தெருவெல்லாம் வெள்ளம். கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி, தண்ணீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. 1951-ல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் கொண்டுவந்து சாதனை செய்த ஜோடி இவர்கள். அந்த வீட்டில்தான் ப்ளூ கிராஸ் ஆரம்பித்தது. வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். மேலே சொன்ன சின்னி கிருஷ்ணா அவர்களில் ஒருவர்.

அடுத்த வருடமே, 1960-ல், விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவரும் மெட்ராஸ்காரர்தான், கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, அரசே சட்டம் செய்யும் என்ற உறுதியை நேருவிடம் வாங்கினார். 1962-ல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது தலைவரும் அவரே. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவைக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். 1960-ல் அது காசு. இன்றைக்கு அந்த ஐம்பது ரூபாய்க்கு ஒரு நல்ல பூச்சட்டிப் பெட்டிகூட வராது.

1964-லேயே ப்ளூ கிராஸ் வேறு வழியைச் சொன்னது: பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. ஏ.பி.சி. என்று பெயர் வைத்தார்கள், ஏ.பி.சி. மாதிரி சுலபம் என்பதற்காகவாம். நகராட்சி அதை ஏற்றுக்கொள்ள முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 1996-ல் சென்னையில் கொல்வது நின்று கருத்தடை வந்தது. 2001-ல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023-ல் புது விதிகள் வந்தன. உங்கள் தெரு நாயின் காதில் ஓரமாக ஒரு சின்ன வெட்டு இருந்தால் அதுதான் அடையாளம், ஆபரேஷன் ஆகிவிட்டது என்று பொருள்.

ஆக, தொலைந்துபோன நாய்க்கு இப்போது கொல்லும் வண்டி இல்லை, காப்பகம் இருக்கிறது. கதை சுபம் என்று முடிக்கலாமா? முடியாது. காப்பகம் நிரம்பிவிட்டது.

காப்பகம் ஏன் பண்டிகைக்கு நிரம்புகிறது

பிரிட்டனில் இது வேறு மாதிரி நடந்தது. கிறிஸ்துமஸுக்குக் குழந்தைக்கு நாய்க்குட்டி பரிசு கொடுப்பார்கள். ஜனவரியில் அது காப்பக வாசலில் நிற்கும். 1978-ல் அங்கே ஒரு நாய்ப் பாதுகாப்புச் சங்கத்தின் கிளாரிசா பால்ட்வின், நாய் என்பது ஆயுளுக்கானது, கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஆனதில்லை என்ற பொருளில் ஒரு பிரசார வாசகம் எழுதினார். இன்றும் அது வண்டிகளின் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும்.

நம் ஊரில் காரணம் சத்தம். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று 1999 விதி சொல்கிறது. அந்த வரம்பே நம் காதுக்கு அதிகம். நாய்க்கு நமக்குக் கேட்காத கீச்சொலிகளும் கேட்கும். நாம் 20,000 ஹெர்ட்ஸில் நின்றுவிடுவோம், நாய்க்கு 40,000-க்கு மேலும் கேட்கும், பூனைக்கு இன்னும் மேலே. சத்தம் எங்கிருந்து, எதற்காக, எப்போது நிற்கும் என்று எதுவும் அதற்குத் தெரியாது. தெரிந்த ஒரே வழி ஓடுவது.

இன்னொன்று, இது ஐப்பசி. தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் கைகோத்து வரும் மாதம். பட்டாசுக்கு ஓடிய நாயை அடுத்த நாள் மழை பிடித்துக்கொள்ளும். அதே வாரத்தில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள், "ரெண்டு நாள்தானே" என்று நாயை மாடியில் கட்டிவிட்டுப் போகிறவர்கள், திரும்பி வந்ததும் இனி முடியாது என்று கொண்டுபோய் விடுகிறவர்கள். எல்லாம் ஒரே வாசலுக்கு வந்து சேரும்.

சில வருடங்களாகத் தீபாவளி முடிந்த வாரம் பழைய வேட்டி, பெட்ஷீட் மூட்டையோடு எங்கள் பக்கத்துக் காப்பகம் ஒன்றுக்குப் போய் வருகிறேன். ஒரு தடவை அங்கே வேலை செய்கிற அம்மாவிடம், "இந்த வாரம் ரொம்ப அடிபட்டதா வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "அடிபட்டதுகூட பரவால்ல சார், மருந்து போட்டா ஆறிடும். இதப் பாருங்க" என்று ஒரு லாப்ரடாரைக் காட்டினார். கழுத்தில் பட்டை இருந்தது, அதில் பெயரோ நம்பரோ இல்லை. "நாலு நாளா கேட்டையே பார்த்துட்டு உக்காந்திருக்கு. சோறு தொடல. யார் வீட்டுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அன்றைக்கு நாய் வண்டிக்காரனுக்குப் பட்டை போதும். இன்றைக்குப் பட்டையில் போன் நம்பர் வேண்டும்.

அப்போ என்ன செய்யலாம்?

வரலாற்றுப் பதிவில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நாய் வளர்ப்பவர்கள் தாண்ட வேண்டாம்.

முதலில் நம்பர். பட்டையில் ஒரு சின்னத் தகட்டில் போன் நம்பர் பொறித்து மாட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் அழியாத மையில் பட்டையிலேயே எழுதுங்கள். முடிந்தால் மருத்துவரிடம் மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள், பட்டை கழன்றாலும் அது இருக்கும். நாயின் இப்போதைய போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும்.

நம் ஊரில் வெடி விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். 2018-லிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறார்கள், ஆனால் தெரு நிலவரம் உங்களுக்கே தெரியும். எண்ணெய்க் குளியல் நேரத்தில் எல்லோரும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்போம், கதவு திறந்தே இருக்கும். நாய் ஓடுவது அப்போதுதான். வீட்டின் நடுவில், தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அதன் துணியோடும் தண்ணீரோடும் விட்டு, மின்விசிறியையோ டிவியையோ ஓட விடுங்கள். கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினால் இழுக்க வேண்டாம், அது தேர்ந்தெடுத்த இடம் அது. மொட்டை மாடியில் கட்டுவது கூடவே கூடாது. நடை கூட்டிப்போக மதியம்தான் நல்ல நேரம், அப்போதும் கயிறு இல்லாமல் வேண்டாம். எரிந்த மத்தாப்புக் கம்பி வாசலில் கிடந்தால் பாதம் வெந்துவிடும், ஒரு வாளித் தண்ணீரில் போடும் பழக்கம் பிள்ளைகளுக்கும் நல்லது. மிகவும் நடுங்குகிற நாய்க்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மனிதர்களின் தூக்க மாத்திரையை ஒடித்துக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

தின்பண்டமும் அப்படித்தான். சாக்லேட் நாய்க்கு விஷம். லட்டு, பாயசத்தில் வரும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் ஆகாது. சர்க்கரை இல்லாத இனிப்புகளில் சேர்க்கும் சைலிட்டால் இன்னும் மோசம். பாவம், அதுக்கும் தீபாவளிதானே என்று கொடுக்கிறவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான், அவர்களிடம் மெதுவாகச் சொல்லி வையுங்கள்.

மீறி ஓடிவிட்டதா? பயந்த நாய் எங்காவது அருகில் பதுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. நின்றிருக்கும் கார்களுக்கு அடியில், அடுக்குமாடி பார்க்கிங்கில், மாடிப்படி இடுக்கில் பாருங்கள். சத்தம் அடங்கிய பின்னிரவில் மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டு நடங்கள். வாட்ஸப் குரூப்பில் போடுவதோடு நிற்காமல் வாட்ச்மேன், பால்காரர், டீக்கடை, விடியற்காலையில் வரும் துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரிடமும் சொல்லுங்கள். தெருவில் புதிதாக ஒரு நாய் வந்தால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். காப்பகத்துக்கும் உடனே தகவல் கொடுங்கள், மறுநாள் நேரிலும் போய்ப் பாருங்கள். போனில் "பிரவுன் கலர் நாய்" என்றால் அங்கே ஐம்பது இருக்கும்.

நாய் வளர்க்காதவர்கள் காப்பகத்துக்கு என்ன செய்யலாம்? பருத்திப் பெட்ஷீட், சாக்கு, பழைய செய்தித்தாள், அரிசி என்று தேவை ஊருக்கு ஊர் மாறும், கேட்டுக்கொண்டு போங்கள். மிஞ்சிய பிரியாணியும் ஸ்வீட் பாக்ஸும் வேண்டாம். பத்து நாள் ஒரு குட்டியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தால் அது பெரிய உதவி, கூட்டமான இடத்தில் குட்டிகளுக்குப் பார்வோ மாதிரி நோய் சட்டென்று பரவும். பணம் கொடுப்பதாக இருந்தால் நான் பம்பாய் வணிகர்கள் பக்கம். தீபாவளிக்கு ஒரே ஒரு தடவை ஐயாயிரம் கொடுப்பதைவிட மாதம் நானூறு ரூபாய் தவறாமல் போவது மேல். பிப்ரவரியிலும் அங்கே சோறு பொங்க வேண்டும் இல்லையா?

வெடிக்காத ஊர்கள்

இவ்வளவு சொன்னால், "ஒரு நாய்க்காகப் பண்டிகையை விட்டுடறதா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான், ஏனென்றால் அதையும் செய்து பார்த்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கிராமங்களில் பல தலைமுறைப் பிள்ளைகள் வெடிக்காமல் தீபாவளி கொண்டாடியிருக்கிறார்கள். ஐப்பசி மாதம்தான் கண்மாய்க்குக் கொக்கும் நாரையும் வந்து கூடு கட்டும் காலம். வெடித்தால் பறவை எழுந்துபோய்விடும், எழுந்து போனால் முட்டை போச்சு. வனத்துறை அந்த மக்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது வழக்கமாகியிருக்கிறது. திருநெல்வேலி கூந்தன்குளத்திலும், ஈரோடு வெள்ளோட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதே கதை. அந்த ஊர்களில் தீபாவளி இல்லாமல் போகவில்லை. புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு, மத்தாப்பு கொளுத்துகிறவர்களும் உண்டு. சத்தம் மட்டும் இல்லை. யாரும் போய் அவர்கள்மேல் வழக்குப் போடவில்லை, எட்டணாவும் கொடுக்கவில்லை.

சென்னை மாதிரி ஊரில் முழுத்தெருவும் அப்படி மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் நாய் இருந்தால் அணுகுண்டை நாலு வீடு தள்ளி வைத்து வெடிக்கலாம். காருக்கு அடியில் தெருநாய் படுத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுச் சரத்தைப் பற்றவைக்கலாம். வாலில் வெடி கட்டுகிற பையனின் காதை அந்த இடத்திலேயே திருகலாம். இதற்கெல்லாம் சட்டமோ சங்கமோ தேவையில்லை.

1832-ல் கடையை மூடிய பார்சிகள் காப்பகம் கேட்டுத் தெருவுக்கு வரவில்லை. எங்கள் வாசலில் இருக்கிற நாயை வாசலிலேயே விடு என்றுதான் கேட்டார்கள். அது முடியாமல் போனபோது வந்த இரண்டாவது ஏற்பாடுதான் பஞ்சராபோல். இதைப் படித்த பிறகு காப்பகத்தைப் பார்க்கிற என் பார்வை கொஞ்சம் மாறியது. அதற்குப் பணம் வேண்டும், துணி வேண்டும், ஆள் வேண்டும், எல்லாம் சரி. அதைவிட, அங்கே போய்ச் சேரும் நாய்களின் எண்ணிக்கை குறைய வேண்டும். அது நம் வாசலில் நடக்கிற வேலை.

மெட்ராஸின் பழைய எஸ்.பி.சி.ஏ. பற்றியும், வண்டிமாடுகளுக்காக அது நடத்திய வேலைகள் பற்றியும் தனியாக எழுத வேண்டும். குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், பொங்கலுக்குள் முடிக்கப் பார்க்கிறேன். நாய் வண்டிக் காலத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். ஏட்டில் இருப்பது எண்ணிக்கைதான். எந்தத் தெருவில் யார் வீட்டு நாயை யார் ஒளித்துவைத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.